வெயில் படாத பக்கம்

கோழிக்கூண்டுக்குள்ளிருந்து ஒரு பிரபுக் குடும்பத்தின் கொடி வெளியே வந்தது. கூடவே நாலைந்து இறகுகளும் ஒரு முட்டையும்.

"முட்டை சாட்சியா, குற்றவாளியா?" என்று கேட்டான் வாட்டி கெடஸ்.

யாரும் சிரிக்கவில்லை. வாட்டிக்கு அது புதிதில்லை. இதே ஸ்ட்ராத்டாரக் படைப்பிரிவில் பல வருஷம் மேளம் அடித்தவன். அங்கேயும் அவன் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. கடைசியில் வாயை மூடத் தெரியாதவன் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது துப்பறியும் இனா ராத்ரேயிடம் உதவியாளன். இனாவும் சிரிக்க மாட்டாள். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துவிடுவாள்.

கூண்டின் சொந்தக்காரர் டூகல் மக்ஃபீ தூறலில் தொப்பி இல்லாமல் நின்றிருந்தார். அறுபது வயது. தூக்கிப் பிடித்த கொடியை ஒருமுறை பார்த்தார். பிறகு கோழிகளைப் பார்த்தார்.

"ராத்திரி சேவல்கூட சத்தம் போடலை. யாரு எப்போ வெச்சாங்கன்னே தெரியலை" என்றார்.

"திருடினவன் எல்லாம் இதைத்தான் சொல்வான்" என்றார் மேஜர் டார்குவில் கல்டர்வுட்.

"கோழைன்னு பேர் இருந்துச்சு. பொய்யன்னு பேர் இருந்துச்சு. இருபத்து நாலு வருஷமா திருடன்கிற பேர் மட்டும்தான் பாக்கி. இன்னிக்கு அதையும் கொடுத்துட்டீங்க, ரொம்ப நன்றி மேஜர்."

டார்குவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனாவை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். வியாழக்கிழமை காலையில் அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த கொடியைக் காணோம். அது அவருடைய பெரியப்பா மேஜர் அலாஸ்டர் கல்டர்வுட்டின் கொடி. இத்தாலிப் போரில் ஒரு குன்றின் மேல், தன் ஆட்களுக்கு முன்னால் ஓடி, முதல் நாளே உயிர்விட்டவர் என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவருடைய பைப்பர், அதாவது பைப் என்னும் தோல்பைக் குழல் வாத்தியத்தை அவருக்காக ஊதியவர், டூகல். எஜமானரைக் குண்டுக்கு நடுவே போட்டுவிட்டு, கொடியோடு கீழே ஓடிவந்தவர் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. பைப்பைப் பிடுங்கிக்கொண்டு ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கூடத்துச் சுவரில் இருக்கும் பைப்பர்களின் பெயர்ப்பலகையில் அவர் பெயரை உளியால் சுரண்டி எடுத்தார்கள்.

இன்று காலை யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்தார்கள். கோழிக்கூண்டில் பாருங்கள் என்றார்கள்.

"போலீஸைக் கூப்பிடப் போறேன்" என்றார் டார்குவில்.

"மூணு மணி வரைக்கும் பொறுங்க" என்றாள் இனா. வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"மூணு மணிக்கு அணிவகுப்பு. கொடி எல்லாத்தையும் தேவாலயத்துல ஒப்படைக்கிறோம். அதோட படையே முடிஞ்சுது. லண்டன்ல கையெழுத்துப் போட்டாச்சு."

"தெரியும். அதுக்கப்புறம் இவர் நல்லவரோ கெட்டவரோ, எந்தப் படைகிட்டப் போய்க் கேட்பார்? அதான் மூணு மணி வரைக்கும்னு சொன்னேன்."

டூகல் குனிந்து முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாட்டி அந்தக் கையைக் கவனித்தான். ஜெயிலில் கல் உடைத்த கை. விரல்கள் காய்ந்த வேர் மாதிரி வளைந்திருந்தன.

---

காரில் இனா கொடியை மடிமேல் விரித்தாள். வாட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் இறைச்சி பன்னையும் பிடித்திருந்தான்.

"எனக்கு மேளக்காரனோட மூளை போதும். சொல்லு, இது என்ன?" என்றாள் இனா.

"பைப் கொடி மேடம். ஒவ்வொரு மேஜருக்கும் ஒண்ணு. அவரோட பைப்பர் வாசிக்கும்போது, தோள் மேல நிக்குமே அந்தப் பெரிய குழல், அதுல கட்டித் தொங்கவிடுவான். ஒரு பக்கம் படையோட சின்னம், இன்னொரு பக்கம் மேஜரோட குலச்சின்னம். மேளத்துல எதையும் கட்ட மாட்டாங்க. நாங்க நாற்காலி மாதிரி."

"படைச் சின்னம் எப்படி இருக்கு?"

வாட்டி எட்டிப் பார்த்தான். வாள் பிடித்த கை. நூல் வெளுத்து, துவைத்துத் துவைத்து உலர்த்திய படுக்கை விரிப்பின் நிறத்தில் இருந்தது.

"வயசாயிடுச்சு."

இனா கொடியைத் திருப்பினாள். பச்சைப் பட்டில் ஒரு வெள்ளைக் கொக்கு. நேற்றுதான் கடையில் வாங்கியது போல் பச்சை பளீரென்றிருந்தது. கொக்குக்கு மேலே குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை. அதிலிருந்து மூன்று நாக்குகள் கீழே தொங்கின.

"இது?"

"மூத்த மகன் பட்டை. அப்பா உயிரோட இருக்கிற வரைக்கும் வாரிசு தன் கொடியில அதைச் சுமக்கணும். அப்பா கண்ணை மூடினா, பிரிச்சு எடுத்துட்டு முழுச் சின்னத்தையும் தனக்குன்னு போட்டுக்கலாம். பட்டை இருந்தா அப்பா இருக்கார். இல்லேன்னா இல்லை. இங்க சாவுச் செய்தியைக்கூடத் தையல்காரிதான் சொல்லுவா."

"பட்டையோட நிறம்?"

"சிவப்பு." வாட்டி மறுபடி பார்த்தான். "சிவப்பா இருந்தது. இப்போ நனைஞ்ச செங்கல் மாதிரி இருக்கு."

"பச்சை புதுசு, கொக்கு புதுசு. பட்டை மட்டும் வெளுத்திருக்கு" என்றாள் இனா. "வெயில் இந்தக் கொடியில மூணு நாக்கை மட்டும் தேடிப் பிடிச்சு அடிச்சிருக்கு. புத்திசாலி வெயில். வண்டியை உணவுக்கூடத்துக்கு விடு."

---

கூடத்தில் அலமாரிகள் வரிசையாக நின்றன. எதிரே நீண்ட தெற்கு ஜன்னல். எல்லாக் கொடிகளும் குலச்சின்னத்தை வெளியே காட்டித் தொங்கின: சிங்கம், மரம், படகு, ஒரு பன்றித் தலை. எல்லாம் வெளுத்துப்போயிருந்தன. ஒரு அலமாரி மட்டும் காலி.

"அலாஸ்டரோட கொடி எப்படித் தொங்கும்?" என்றாள் இனா.

"அது மட்டும் திரும்பித் தொங்கும். நான் சேர்ந்த நாள்லேர்ந்தே அப்படித்தான். படைச் சின்னம் வெளியே, கொக்கு சுவரைப் பார்த்து."

"ஏன்னு யாரும் கேட்கலையா?"

"கேட்டா, தம்பியால அண்ணன் சின்னத்தைப் பார்க்க முடியலையாம், மனசு தாங்கலையாம்னு சொல்லுவாங்க. ஊரே கண்ணைத் துடைச்சுக்கும்."

"ஊர் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பிரிகேடியர் சர் ரானல்ட் கல்டர்வுட் கைத்தடியை ஊன்றி நின்றார். அலாஸ்டரின் தம்பி, டார்குவிலின் அப்பா. இன்று மேடையில் நின்று கடைசி மரியாதையை ஏற்கப்போகிறவர்.

"கொடி கிடைச்சுதாமே. ரொம்ப சந்தோஷம் மிஸ் ராத்ரே. அந்தக் கிழவனை இன்னும் ஏன் வெளியே விட்டு வெச்சிருக்கீங்க?"

"கோழிக்குத் தீனி போடணுமாம் ஐயா" என்றான் வாட்டி.

ரானல்ட் அவனைப் பார்க்கவில்லை. மேளக்காரனை யாரும் பார்ப்பதில்லை.

"இந்தக் கொடியைத் தேவாலயத்துலயும் திருப்பித்தான் மாட்டுவீங்களா?" என்றாள் இனா.

"அங்கே உத்தரத்துலேர்ந்து தொங்கவிடுவாங்க. சுவர் கிடையாது. ரெண்டு பக்கமும் தெரியும்." சற்று நிறுத்தினார். "நல்லதுதான். அண்ணன் எதையும் மறைச்சவர் இல்லை."

"உங்க அப்பா எப்போ காலமானார்?"

"அண்ணன் போன செய்தி வந்து ரெண்டு நாள் கழிச்சு. நெஞ்சு தாங்கலை. கல்லறைக் கல்லுலயே வெட்டியிருக்கோம், போய்ப் படிங்க."

"அப்போ உங்க அண்ணன் கடைசி வரைக்கும் வாரிசாவே இருந்துட்டுப் போயிட்டார்."

"ஆமா. அதனாலதான் பட்டை இன்னும் இருக்கு" என்றார் ரானல்ட். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

வாட்டி பன்னின் கடைசித் துண்டை விழுங்கினான். "மேடம், கொடி கிடைச்சது அவருக்குத் தெரியும், சரி. மகன் போன் பண்ணியிருப்பார். பட்டை இருக்கான்னு நாம சொல்லவே இல்லையே."

"இன்னிக்குத்தான் நீ தாளம் தப்பாம அடிக்கிறே" என்றாள் இனா. ஜன்னல் வெளிச்சத்தில் கொடியைத் தூக்கிப் பிடித்து, பட்டையின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினாள். தையலுக்கு அடியில் இன்னொரு வரிசை ஊசித் துளைகள் இருந்தன. பழைய துளைகள். புதுத் தையல் அவற்றின் மேல் சரியாக உட்காரவில்லை.

---

டூகல் வீட்டு வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இனா அவர் பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இந்தப் பட்டையை முதல்ல பிரிச்சது யாரு?"

கத்தி நின்றது. டூகல் கொடியைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"இது அந்தப் பட்டை இல்லை" என்றார். "அதை மேஜர் தன் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். இத்தாலியில அவரோடயே மண்ணுக்குள்ள இருக்கு."

"சொல்லுங்க டூகல் அண்ணே" என்றான் வாட்டி.

"எத்தனை தடவைடா சொல்றது? நீதிமன்றத்துல சொன்னேன்." உருளைக்கிழங்கை மறுபடி உரிக்கத் தொடங்கினார். "மேஜர் முதல் நாள் சாகலை. தொடையில அடி. ஒரு பண்ணை வீட்டு நிலவறையில கிடந்தார். நானும் அவரும்தான். மூணாம் நாள் ஊர்ந்து ஊர்ந்து கீழே போனேன். கர்னல் செத்துட்டார், தம்பி ரானல்ட்தான் பொறுப்புல இருந்தார். ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க, அண்ணன் உயிரோட இருக்கார்னு சொன்னேன். அனுப்பறேன், நீ முன்னாடி போ, போறப்போ அப்பா காலமாயிட்டார்னு அண்ணன்கிட்ட சொல்லிடுன்னார். நானும் போய்ச் சொன்னேன்."

"மேஜர் என்ன செஞ்சார்?"

" என் கத்தியைக் கேட்டார். கொடியை மடியில போட்டு, தையலை ஒண்ணொண்ணாப் பிரிச்சார். இனிமே இந்தப் பட்டையோட நீ வாசிச்சா அது பொய் டூகல்னு சொன்னார். ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, இவருக்குத் தையல் கவலை. ராத்திரி முழுக்கக் காத்திருந்தோம். ஸ்ட்ரெச்சர் வரலை. விடிஞ்சதும், கொடியை எடுத்துட்டுப் போ, தம்பிகிட்ட வாயால ஒண்ணும் சொல்லாதே, இதைக் காட்டு, போதும். குடும்பத் தலைவன் உயிரோட இருந்து கூப்பிடறான்னு அவனுக்குப் புரியும்னார்."

"புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. பட்டை இல்லாத இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் காவலாளியைக் கூப்பிட்டு, அதிகாரியைக் கைவிட்டுட்டு ஓடிவந்தவன், இவனைக் கட்டுங்கன்னார்."

தூறல் நின்றுவிட்டிருந்தது. வாட்டிக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

"கொடியைக் கொண்டாந்து காட்டுங்கன்னு நீதிமன்றத்துல கேட்டேன்" என்றார் டூகல். "அது மாவீரனோட கொடி, கண்ணாடிக்குள்ள வெச்சாச்சு, நீ அவர் பேரைச் சொல்றதே பாவம்னாங்க."

---

காரில் பாதி வழி போனதும் வாட்டி ஆரம்பித்தான்.

"இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சு மறைச்சாச்சு. தேவாலயத்துல ரெண்டு பக்கமும் தெரியும்னதும் பயம் வந்துடுச்சு. சரி, எடுத்து எரிச்சுட்டுப் போயிருக்கலாமே?"

"எரிச்சா, எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பட்டையோட கிடைச்சா யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. அதுவும் டூகல் வீட்டுல கிடைச்சா அவர் வாயும் அடைஞ்சுடும். யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். பழைய கொடிக்குப் பழைய பட்டை வேணும்னு தேடி எடுத்துத் தெச்சிருக்கார். ஒண்ணே ஒண்ணுதான் மறந்துட்டார். அந்தப் பக்கத்தை வெயில் படாம வெச்சதே அவர்தான்."

"பழைய பட்டை எங்கே கிடைச்சிருக்கும்? அதே நீளம், அதே நாக்கு. கல்டர்வுட் வீட்டுல இப்போ பட்டை சுமக்கிற ஆள்..." வாட்டி பிரேக்கை மிதித்தான். "ஐயோ."

"பார்த்து ஓட்டு."

படைமுகாம் மைதானத்தில் பைப்பர்கள் அணியில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். டார்குவிலின் பைப்பர் தன் குழலில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். அதே கொக்கு, அதே பச்சை. ஆனால் இந்தக் கொடி பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் வாசிக்கப்பட்டது. பச்சை பாசி நிறமாகிவிட்டிருந்தது. அதன் மேல் மூன்று நாக்குப் பட்டை ரத்தச் சிவப்பாய்ப் பளபளத்தது.

இனா தன் கையிலிருந்த கொடியை அதன் பக்கத்தில் பிடித்தாள். 

டார்குவில் இரண்டையும் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார். இந்தக் கொடிகளோடு பிறந்து வளர்ந்தவர். அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க பட்டையை யார் மாத்தினது?" என்று இனா கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்."

"அப்பாதான் வாங்கிட்டுப் போனார். கடைசி அணிவகுப்பு, பட்டை வெளுத்திருக்கு, புதுசு தெச்சுத் தரேன்னார். புதன்கிழமை." வெளுத்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "எதுக்கு?"

டூகல் சொன்னதை இனா நாலே வாக்கியத்தில் சொன்னாள். பழைய ஊசித் துளைகளைக் காட்டினாள். "வாரிசாவே செத்துப்போனவரோட கொடியில பட்டையைப் பிரிக்க யாருக்கும் தேவை இல்லை மேஜர். அப்பா செத்த பிறகும் உயிரோட இருந்தவர்தான் பிரிப்பார்."

கைத்தடிச் சத்தம் கேட்டது. ரானல்ட் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தார். இரண்டு கொடிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பொறுப்புல நான் இருந்தேன்" என்றார் மகனிடம். "குண்டு மழையில ஒருத்தருக்காக நாலு பேரைச் சாகக் கொடுக்கச் சொல்றியா?"

"முடியாதுன்னு டூகல்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்" என்றார் டார்குவில். "அனுப்பறேன்னு ஏன் சொன்னீங்க? அவரை ஏன் ஜெயிலுக்கு அனுப்பினீங்க?"

"நீ தூங்கற கட்டில் யாரோடதுன்னு நினைச்சே? நீ வளர்ந்த வீடு? அலாஸ்டர் திரும்பி வந்திருந்தா நாம எஸ்டேட் கணக்குப்பிள்ளை குடும்பம். உனக்கு இந்தக் கொக்கே கிடையாது. எல்லாம் உனக்காக."

"அப்போ நான் பிறக்கவே இல்லைனாலும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க. அப்போ யாருக்காகன்னு சொல்லியிருப்பீங்க?"

ரானல்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு அரை மணிதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினார். கூட்டத்துக்கு முன்னால் மகன் வாயைத் திறக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். கல்டர்வுட்கள் வெளியில் பேசுவதில்லை.

டார்குவில் வாயைத் திறக்கவில்லை. பைப்பரின் இடுப்பிலிருந்த குத்துவாளை உருவினார். முதலில் பெரியப்பாவின் கொடியில் வெளுத்த பட்டையை அறுத்தெடுத்தார். பிறகு தன் கொடியைப் பிடித்து, புதுச் சிவப்புப் பட்டையின் தையலுக்குள் கத்தி முனையை விட்டார்.

"மேஜர்" என்றான் வாட்டி. "அதைப் பிரிச்சா என்ன அர்த்தம்னு..."

"தெரியும்."

---

டூகலைக் காரில் கூட்டி வந்தார்கள். அலமாரி அறையிலிருந்து அவருடைய பழைய பைப்பை எடுத்து வந்தார்கள். டார்குவில் தன் கையாலேயே அலாஸ்டரின் கொடியை அதன் பெரிய குழலில் கட்டி நீட்டினார்.

"நீங்க முன்னாடி போகணும்."

"விரல் வராது மேஜர்" என்றார் டூகல். கைகளை விரிக்க முயன்று காட்டினார். "உங்க ஜெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்."

"வாசிக்க வேண்டாம். நடந்தா போதும்."

அவர் நடந்தார். பை காற்றில்லாமல் கக்கத்தில் தொங்கியது. பின்னால் மற்ற பைப்பர்கள் ஊதினார்கள், மேளக்காரர்கள் அடித்தார்கள். முன்னால் போனவரிடமிருந்து மட்டும் சத்தம் இல்லை. அவர் முதுகில் பட்டை இல்லாத கொக்கு பளீர்ப் பச்சைப் பட்டில் ஆடியது.

அடுத்து டார்குவிலின் பைப்பர் மேடையைக் கடந்தான்.

மேடையில் ரானல்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ஜெனரல் நின்றிருந்தார். கொடிகளைப் படித்தே வயதானவர். வெளுத்த கொக்கின் மேல் பட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும், அவர் கை யோசிக்காமலே தொப்பியைக் கழற்றிவிட்டது. கழற்றிய பிறகுதான், யாருக்காக என்று நினைத்துப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் கழற்றியிருந்தார்கள். பிறகு நாலு பேர். கூட்டத்தில் இருந்த படைவீரர்களின் விதவைகள் தலை குனிந்தார்கள். ரானல்ட் கல்டர்வுட் தன் சாவுக்கு ஊர் மரியாதை செய்வதை, கையை நெற்றியில் வைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சல்யூட்டை இறக்க முடியாது. கடைசி ஆள் போகும்வரை இறக்கக் கூடாது.

தேவாலய வாசலில் எல்லாம் முடிந்த பிறகு, டார்குவில் டூகலிடம் வந்தார்.

"பலகையில உங்க பேரை மறுபடி எழுதச் சொல்றேன்."

"யாருகிட்டச் சொல்வீங்க?" என்றார் டூகல். "பேர் எழுதறவன் படையில இருந்தான். படை இப்போதான் முடிஞ்சுது."

டார்குவில் ஓரடி முன்னால் வந்தார்.  பிறகு டூகலின் கையைப் பிடிக்கக் கை நீட்டினார். டூகல் அந்தக் கையில் பைப்பைக் கொடுத்தார்.

"இது உங்க சொத்து. அலமாரியில வெச்சுடுங்க. தேவாலயத்துல கொடியை மட்டும் யாரும் சுவரைப் பார்த்து மாட்டிடாம பார்த்துக்கோங்க."

இனா பெப்பர்மின்ட் பொட்டலத்தை வாட்டியிடம் நீட்டினாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, காரின் பின்கதவைக் கிழவருக்காகத் திறந்து பிடித்தான்.

"வாங்க அண்ணே, வீட்டுல விட்டுடறேன்."

"வேண்டாம்டா, நடந்து போயிடறேன்" என்றார் டூகல். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் போட்ட முட்டை எங்கோ நசுங்கியிருந்தது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "கோழிகளுக்குத் தீனி போடணும். அதுங்க என்னைப் பத்தி யாரையும் எதுவும் கேட்டதில்லை."